ரியூப் லைற் துடிக்குது: சோக்கோ, ஸ்ராட்டரோ, கறண்டோ?

கோண்டாவில்_மண்டபம்

வணக்கம். ஒரு ரியூசன் மண்டபத்தில 4 அடி ரியூப் லைற் 12 கிடக்கு. ஒரே நேரத்தில பூட்டினதில்லை. கனக்க இரும்புச் சோக்கும் (கறண்டைக் கட்டுப்படுத்திற சுருள்) ஸ்ராட்டரும் (ரியூப்பைப் பத்த வைக்கிற சின்ன டப்பா), சிலது எலெக்ட்ரோனிக் சோக், ரெண்டு பழைய பிற்றிங்குக்கு ஸ்ராட்டரே இல்லை. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு சோக் வைச்சதுகளில நாலஞ்சு மின்னி மின்னி நிண்டு கனநேரம் கழிச்சுத்தான் பத்துது. ஒண்டில ரெண்டு தொங்கலும் செம்மஞ்சளாய் எரியுது, நடு இருட்டு. புதுசாப் போட்ட ஒரு ரியூப்புக்குள்ள வெளிச்சம் பாம்பு மாதிரி நெளியுது. எலெக்ட்ரோனிக் சோக் ஒண்டு பத்தின நேரம் தொட்டு நூர்க்கிற வரைக்கும் ஒரு நடுக்கம். பிள்ளையள் கண் நோகுது எண்டுதுகள். வயர்மன் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு எல்.ஈ.டி போடச் சொல்லுறார். இது எல்லாம் ஒரே வருத்தமோ? எதை முதல் மாத்துறது?

வலிகாமம்_வயர்மன்

ஒரே வருத்தம் இல்லை, நாலும் நாலு வருத்தம். கடைக்குப் போக முதல், ஒவ்வொண்டுக்கும் கீழ ஒரு நிமிசம் நிண்டு எப்பிடித் துடிக்குது எண்டு வடிவாப் பாருங்கோ. "துடிக்குது" எண்டு மட்டும் சொன்னா கடைக்காரர் ஸ்ராட்டரைத்தான் தருவார்.

ரெண்டு தொங்கலும் எரிஞ்சு நடு இருட்டா நிக்கிறது ஸ்ராட்டர் ஒட்டிப்போன கேஸ். லைற் போட்டபடியே ஸ்ராட்டரை இடப்பக்கமாக் கால்வாசி சுத்தி வெளியில எடுங்கோ. எடுத்த கையோட ரியூப் பத்தினா ரியூப்பும் சோக்கும் சுகம், ஸ்ராட்டரை எறிஞ்சுபோட்டு புதுசு போடலாம். ஸ்ராட்டர் ஹோல்டர் உடைஞ்சு தகடு வெளியில தெரிஞ்சா மட்டும் லைவில கை வைக்காதேங்கோ, மெயினை நூர்த்துப்போட்டுச் செய்யுங்கோ. இந்த வருத்தத்தோட நாள்க்கணக்கா எரிய விடக்கூடாது. இழையில இருக்கிற பூச்சு ஆவியாப் போய் நல்ல ரியூப்பும் செத்துப்போகும், சோக்கும் கொதிக்கும்.

மின்னி மின்னிப் பத்துறதுக்கு மூண்டு காரணம் இருக்கலாம்: ரியூப் கிழடு, ஸ்ராட்டர் கிழடு, இல்லாட்டி வோல்ற் குறைவு. ரியூப்பின்ர தொங்கலைப் பாருங்கோ. லேசான சாம்பல் நிறம் பரவாயில்லை. ரெண்டு அங்குலத்துக்குக் கரியாக் கறுத்திருந்தா அதுக்கு ஸ்ராட்டர் வேண்டிக் காசைக் கரியாக்க வேண்டாம். சந்தேகமெண்டா நல்லா எரியிற பிற்றிங்கில அந்த ரியூப்பைப் போடுங்கோ. துடிப்பு ரியூப்போட போனா ரியூப். பழைய இடத்திலயே நிண்டா ஸ்ராட்டர், ஹோல்டர், சோக் எண்ட வரிசையில பாக்கவேணும். சோக் கடைசி. இரும்புச் சோக் லேசில போற சாமானில்லை.

பத்தி, கொஞ்ச நேரம் எரிஞ்சு, நூர்ந்து, திரும்பப் பத்தி எண்டு சுத்திச் சுத்தி வந்தா அது ரியூப்பின்ர முடிவு. ஸ்ராட்டரை மாத்தினா ரெண்டு நாள் நல்லா இருக்கிற மாதிரிக் காட்டும், பேந்து அதே கதை.

பௌதிகம்_உயர்தரம்

மேலே சொன்னவற்றுக்குக் காரணம் தெரிந்தால் சோதனைகளை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

குழாயினுள் இருப்பது ஆர்கன் போன்ற ஒரு மந்த வாயுவும் மிகச் சிறிதளவு பாதரச ஆவியும். மின்னிறக்கம் நிகழும்போது பாதரசம் பெரும்பாலும் 254 நனோமீற்றர் புறஊதாக் கதிரை வெளிவிடுகிறது. உட்சுவரில் உள்ள வெள்ளைப் பூச்சுத்தான் அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, குளிர்ந்த குழாய் 230 வோல்ற்றில் தானாகப் பற்றாது. மற்றது, பற்றிய பிறகு ஓட்டம் கூடக்கூடக் குழாயின் தடை குறைந்துகொண்டே போகும். கட்டுப்படுத்த ஒன்று இல்லாவிட்டால் சில கணங்களில் பியூஸ் எரிந்துவிடும் அல்லது குழாய் கெட்டுவிடும். சோக் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது.

ஆளியைப் போட்டதும் முழு வோல்ற்றளவும் ஸ்ராட்டருக்குக் குறுக்கே விழுகிறது. ஸ்ராட்டருக்குள் இருப்பது ஒரு சிறிய கண்ணாடிக் குமிழ். அதில் மந்த வாயுவும், வெப்பத்தில் வளையும் ஈருலோகத் தகடும் உண்டு. வாயு மினுங்கிச் சூடாகி, தகடு வளைந்து மற்ற முனையைத் தொடும். இப்போது ஓட்டம் சோக், ஒரு தொங்கல் இழை, ஸ்ராட்டர், மறு தொங்கல் இழை எனச் சுற்றி ஓடி இழைகளைச் சிவக்கச் சூடாக்கும். முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும்போது மினுக்கம் இல்லை, ஆகவே தகடு ஆறி விடுபடும். அந்தக் கணத்தில் சோக்கின் காந்தப்புலம் சரிந்து பல நூறு வோல்ற் உதை ஒன்று குழாய்க்குக் குறுக்கே விழுகிறது. அதில்தான் பற்றுகிறது.

இந்த விடுபடல் ஓட்டம் பூச்சியத்துக்கு அருகில் இருக்கும்போது நடந்தால் உதை பலவீனமாக இருக்கும். அதனால்தான் நல்ல பிற்றிங்கும் சில வேளை இரண்டு மூன்று முறை மின்னிப் பற்றும். அது குறைபாடல்ல.

பற்றிய 36 வாற் குழாய்க்குக் குறுக்கே ஏறக்குறைய 103 வோல்ற்தான் நிற்கும், ஓட்டம் 0.43 அம்பியர். அந்த 103 வோல்ற் ஸ்ராட்டரை மீண்டும் மினுங்கச் செய்யப் போதாது, ஆகவே அது சும்மா இருக்கும். குழாய் கிழடானால் இழைகளின் பூச்சுத் தேய்ந்து அதன் வோல்ற்றளவு உயரும். அப்போது ஸ்ராட்டர் திரும்ப விழித்துக்கொண்டு எரியும் குழாயைக் குறுக்கிட்டு நூர்க்கும். வயர்மன் சொன்ன "சுத்திச் சுத்தி" இதுதான்.

கோண்டாவில்_மண்டபம்

நன்றி சேர். அப்ப நல்ல ரியூப் துடிக்கிறதே இல்லையோ? போனில படம் எடுத்தா கோடு கோடா வருதே.

பௌதிகம்_உயர்தரம்

இரும்புச் சோக்கில் எரியும் எந்தக் குழாயும் துடிக்கும். எங்கள் மின் 50 ஹேர்ட்ஸ். ஓட்டம் ஒரு சுற்றில் இரண்டு முறை பூச்சியத்தைத் தொடுவதால் ஒளி செக்கனுக்கு 100 முறை ஏறி இறங்கும். பெரும்பாலானோரின் கண் அதைப் பிரித்தறியாது. உள்பூச்சு சிறிது நேரம் ஒளிர்ந்துகொண்டிருப்பதால் முழு இருட்டும் வராது.

தொங்கல்களில் நிலைமை வேறு. ஒவ்வொரு தொங்கலும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை எதிர்முனை (கதோட்டு) ஆகிறது. அந்த நேரத்தில் அதன் அருகே ஒரு மங்கற் பகுதி தோன்றும். ஆகவே தொங்கல்களில் 50 ஹேர்ட்ஸ் துடிப்பு இருக்கிறது, அது கடைக்கண்ணில் படும். குழாயின் தொங்கல் கண்ணுக்கு நேரே தெரியாமல் மூடி போட்ட பிற்றிங் இதற்கு நல்லது.

குழாய் ஒரு தொங்கல் இழையில் மட்டும் பூச்சை இழந்தால் ஓட்டம் ஒரு திசையில் நன்றாகவும் மறு திசையில் மோசமாகவும் பாயும். அப்போது முழுக் குழாயுமே 50 ஹேர்ட்ஸில் துடிக்கும், இதை எவரும் உணர்வர். சோக்கும் உறுமும், வழமையைவிடச் சூடாகும். போனில் ஸ்லோ மோஷன் 240 பிரேமில் எடுத்துப் பாருங்கள். முழு நீளமும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் சாதாரண 100. ஒன்று விட்டு ஒன்று பிரகாசமும் மங்கலுமாக வந்தால் குழாயை மாற்றவேண்டும். சாதாரணப் படத்தில் கோடு விழாமல் இருக்க ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வைத்தால் போதும்.

லேத்_பட்டறை_சுன்னாகம்

100 கண்ணுக்குத் தெரியாது எண்டு விட்டிடாதேங்கோ சேர். லேத்துக்கு (கடைசல் மெஷின்) மேல ஒரே ஒரு சோக் லைற் போட்டா, சுத்துற சக் (வேலைத்துண்டைப் பிடிக்கிற தலை) நிக்கிற மாதிரித் தெரியும். மூண்டு தாடைச் சக் 2000 சுத்தில ஓடினா செக்கனுக்கு 33 சுத்துச் சொச்சம், தாடை கிட்டத்தட்ட 100 தரம் ஒரே இடத்துக்கு வருது. லைற்றும் 100. அசையாமக் கிடக்கிற மாதிரி. கையைக் கொண்டுபோனா விரல் மிஞ்சாது.

இதுக்குப் பழைய வழி ரெண்டு. மூண்டு பேஸ் இருக்கிற இடத்தில அடுத்தடுத்த வரிசையை வேற வேற பேஸில குடுக்கிறது. ஒண்டு மங்கிற நேரம் மற்றது பிரகாசம். அப்பிடிச் செய்தா ஒரே பலகையில ரெண்டு பேஸ் நிக்கும், இடையில 400 வோல்ற், அதை எழுதி ஒட்டவேணும். மற்ற வழி ரெட்டை ரியூப் பிற்றிங்: ஒரு ரியூப்புக்குச் சோக் மட்டும், மற்றதுக்குச் சோக்கோட 3.5 மைக்ரோபரட் அளவில 450 வோல்ற் கொண்டென்சர் தொடரில. ஒண்டின்ர ஓட்டம் பிந்தும், மற்றது முந்தும், துடிப்பு ஒண்டையொண்டு நிரப்பும். இப்ப புதுசாச் செய்யிறவைக்கு நல்ல எலெக்ட்ரோனிக் சோக், இல்லாட்டி மெஷினில தனி எல்.ஈ.டி லாம்பு.

வடமராட்சி_பிற்றிங்

கோண்டாவில் தம்பி, பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எண்டு எழுதினீங்கள். அதை எல்லாரும் தாண்டிப் போட்டினம். பகலில நல்லாப் பத்தி, ஊரில எல்லாரும் லைற்றும் மோட்டரும் போடுற நேரம் மின்னினா சாமானைக் குறை சொல்ல முதல் வோல்ற் பாக்கவேணும். எங்கட சப்ளை 230, கூடக்குறைய 6 வீதம். அப்ப 216 இலிருந்து 244 வரைக்கும் சட்டப்படி சரி. லைன் தொங்கலில இருக்கிற வீடுகளில அதுக்கும் கீழ இறங்கும். 200 இக்குக் கீழ போகப் போக ஸ்ராட்டர் மினுங்கும், ஆனா தகடு வளையிறதுக்குக் கன நேரம் எடுக்கும். இழை காணாத சூட்டில உதையை வேண்டும். ஒவ்வொரு பிழைச்ச உதையும் இழையின்ர பூச்சைச் சுரண்டும். அதாலதான் வோல்ற் குறைஞ்ச இடத்தில ரியூப்பின்ர தொங்கல் கெதியாக் கறுக்குது.

மல்ரிமீற்றரை ஏசி 750 இலயோ 600 இலயோ வைச்சு, எல்லா லைற்றும் ஃபானும் ஓடேக்க ரெண்டு இடத்தில அளவுங்கோ. ஒண்டு மெயின் சுவிச்சின்ர வெளிப்பக்கம், மற்றது கடைசிப் பிற்றிங்கின்ர கனெக்டர். மெயினில 225, பிற்றிங்கில 205 எண்டா பிழை உங்கட வயரிங்கில. லைற் சேர்க்கிற்றுக்கு ஓடுறது 1/1.13 வயர் (1.13 மில்லிமீற்றர் மொத்தத்தில ஒற்றைக் கம்பி). 12 ரியூப்புக்கு அது காணும், 20 வோல்ற் விழ நியாயமில்லை. அப்பிடி விழுந்தா ஏதோ ஒரு யங்ஷன் பெட்டிக்குள்ள (வயர் மூட்டுற பெட்டி) முறுக்கி ரேப் சுத்தின மூட்டு கருகிக் கிடக்கு எண்டு அர்த்தம். மெயினிலயே 195 எண்டா அது வெளியில. நேரத்தோட குறிச்சு மின்சார சபைக்கு முறைப்பாடு குடுங்கோ.

இன்னொண்டு. ஒரு அறை மங்கேக்க மற்ற அறை வழமையை விடப் பிரகாசமா ஏறினா ஸ்ராட்டர் சோதினை ஒண்டும் வேண்டாம். அது மூண்டு பேஸ் சப்ளையில நியூற்றல் லூசாப்போன அடையாளம். மெயினை நூர்த்துப்போட்டு ஆளைக் கூப்பிடுங்கோ. அதோட விளையாடினா ஃபிரிட்ஜ், ரிவி எல்லாம் போகும்.

வலிகாமம்_வயர்மன்

ஓம் அண்ணை, நேரத்தை நான் கவனிச்சுச் சொல்லியிருக்க வேணும்தான். வோல்ற் குறைஞ்ச இடத்துக்கு எலெக்ட்ரோனிக் சோக் போடலாம். 160, 170 இலயும் ஒரே தட்டில பத்தும்.

வடமராட்சி_பிற்றிங்

பத்தும், அது உண்மை. எத்தினை மாசத்துக்கு எண்டதுதான் கேள்வி. மழை காலத்தில மின்னல், லைன் போய் வரேக்க அடிக்கிற உதை, ஜெனரேற்றர் மாத்திற நேரம் ஏறுற வோல்ற் எல்லாத்தையும் இரும்புச் சோக் தாங்கும். மலிவு எலெக்ட்ரோனிக் சோக்குக்குள்ள பாதுகாப்பு எண்டு ஒரு சின்ன பியூஸ் இருக்கும், சிலதில அதுவும் இல்லை. கடற்கரைப் பக்கம் எண்டா உப்புக் காத்தில பலகையே பச்சை பிடிச்சுப்போகும்.

மின்னணு_கொக்குவில்

மலிவுச் சாமானை வைச்சு எலெக்ட்ரோனிக் சோக் முழுக்கக் கூடாது எண்டு சொல்லாதேங்கோ. உள்ளுக்க என்ன நடக்குது எண்டு பாத்தா எது நல்லது எண்டு தெரியும்.

முதல் நாலு டயோட் 230 ஏசியை டிசி ஆக்குது. உச்சத்தில 325 வோல்ற் அளவில ஒரு எலெக்ட்ரோலிற்றிக் கொண்டென்சர் நிரம்பும். அதை ரெண்டு றான்சிஸ்ரர், 13003 அல்லது 13005 மாதிரி, மாறி மாறி வெட்டி 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல ரியூப்புக்குக் குடுக்குது. அந்த வேகத்தில ரியூப்புக்குள்ள வாயு ஒவ்வொரு சுற்றுக்கும் நூர்ந்து பத்த நேரமில்லை. அதால 100 துடிப்புப் போகும், அதே வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட 10 வீதம் குறைவாச் சக்தி காணும். இரும்புச் சோக்கே 36 வாற்றுக்கு மேல இன்னும் 9, 10 வாற் சூடாத் திண்ணுறதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

தம்பியின்ர நடுங்கிற எலெக்ட்ரோனிக் சோக்குக்கு அந்த எலெக்ட்ரோலிற்றிக் கொண்டென்சர் காய்ஞ்சிருக்கும். அது டிசியை நிரப்பாட்டி 100 துடிப்புத் திரும்ப வந்திடும், இரும்புச் சோக்கை விட மோசமா. மூடியைத் திறந்தா தலை வீங்கியிருக்கும், சிலவேளை அடியில பிசின் மாதிரி வழிஞ்சிருக்கும். அதே மைக்ரோபரட், 400 வோல்ற்றுக்குக் குறையாம, 105 பாகை எண்டு அடிச்சதாப் பாத்து மாத்துங்கோ. மெயினை நூர்த்த பிறகும் 300 வோல்ற்றுக்கு மேல அதில நிக்கும். 10 கிலோஓம் 5 வாற் றெசிஸ்ரரை ரெண்டு காலுக்கும் குறுக்க சில செக்கன் பிடிச்சு, மீற்றரில பூச்சியம் பாத்துத்தான் கை வையுங்கோ.

தொடக்கத்திலயும் ரெண்டு சாதி இருக்கு. சுவிச் போட்ட உடன பளீர் எண்டு பத்தினா அது இழையைச் சூடாக்காமலே கூடின வோல்ற்றால உடைச்சுப் பத்துற சாதி. அரைச் செக்கன், ஒரு செக்கன் பொறுத்துப் பத்தினா இழையை முதல் சூடாக்கிற சாதி. கனபேர் முதலாவதைத்தான் நல்லது எண்டு நினைக்கினம். நாளுக்கு ஒருக்காப் போட்டு விடியவிடிய எரியிற விறாந்தைக்கு அது பரவாயில்லை. குளியலறை, குசினி எண்டு இருபது தரம் போட்டு நூர்க்கிற இடத்தில ரியூப்பைக் கொல்லும்.

செத்த ரியூப்பில புதுச் சோக்கைப் போட்டுப் பாக்கிற பழக்கத்தை விடுங்கோ. மலிவுச் சோக்குக்கு ரியூப் செத்தது தெரியாது. விடாம உதைச்சு, அதின்ர றான்சிஸ்ரர் ரெண்டும் போகும். பேந்து "புதுசும் போச்சு, சாமான் கூடாது" எண்ட கதைதான் வரும்.

ரிவி றிமோட் வேலை செய்யேல்லை எண்டாலும் இந்தச் சோக்கை ஒருக்கா நூர்த்துப் பாருங்கோ. றிமோட் 36, 38 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஓடுது. சோக்கும் அந்த வட்டாரத்தில ஓடினா ரிவியின்ர கண் குழம்பும்.

பழசு_பரணில

ஸ்ராட்டர் இல்லாத ரெண்டு பழைய பிற்றிங் எண்டு எழுதினதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

பாரமா இருந்து, உள்ளுக்க சோக்கோட ஒரு றான்ஸ்ஃபோமரோ கொண்டென்சரோ இருந்தா அது பழைய குயிக் ஸ்ராட் சாதி. இழை ரெண்டும் எப்பவும் மெல்லிய சூட்டில நிக்கும், உதை எண்டு ஒண்டில்லை. ரியூப்புக்குக் கிட்ட ஏர்த் பண்ணின தகடு இருந்தாத்தான் அதின்ர மின்புலம் வாயுவைக் கிளப்பிவிடும். பிற்றிங் உடம்புக்கு ஏர்த் வயர் போகாட்டி, இல்லாட்டி கனெக்டர் கறள் பிடிச்சிருந்தா, துடிச்சுத் துடிச்சு நிக்கும். கையை ரியூப்பில வைச்சா பத்தும், எடுத்தா நூரும். அப்பிடி ஒரு அடையாளம் கண்டா வேற ஒண்டையும் பாக்காம ஏர்த்தைப் பாருங்கோ.

அடுத்தது, அதுகளுக்கு 38 மில்லிமீற்றர் மொத்த 40 வாற் ரியூப்தான் சரி. இப்ப கடையில வாறது 26 மில்லிமீற்றர் 36 வாற். அதே நீளம், அதே முள், ஹோல்டரில நல்லா இருக்கும். ஆனா உள்ளுக்க வாயுக் கலவை வேற, பத்த இன்னும் கூட வோல்ற் கேக்கும். ஸ்ராட்டர் வைச்ச பிற்றிங்கில அது பிரச்சினையில்லை. ஸ்ராட்டர் இல்லாததில சரியாப் பத்தாது, பத்தினாலும் துடிக்கும். எத்தினை ரியூப் மாத்தினாலும் அப்பிடித்தான்.

உப்புக்காத்தும் தூசும் ரியூப்பில படைபடையா ஒட்டினாலும் இந்தச் சாதிக்குத்தான் அடி. ஈரம் ஏறின உடன மேற்பரப்பே கறண்ட் கடத்தி அந்த மின்புலத்தைக் குழப்பும். மாரியில மட்டும் பத்தமாட்டன் எண்டா ரியூப்பைக் கழட்டித் துடைச்சு நல்லாக் காய வைச்சுப் போடுங்கோ.

கோண்டாவில்_மண்டபம்

அந்த ரெண்டிலயும் இப்ப கிடக்கிறது ஒல்லி ரியூப்தான்! ஏர்த் வயர் வெட்டிச் சுருட்டி உள்ளுக்க வைச்சிருக்கு.

பழசு_பரணில

அப்ப பதில் கிடைச்சிட்டுது. மொத்த ரியூப் தேடி அலையிறதை விட, உள்ளுக்க இருக்கிறதைக் கழட்டிப்போட்டு ஒரு 36/40 வாற் சோக், ஒரு ஸ்ராட்டர் ஹோல்டர் வேண்டிப் புது வயரிங் பண்ணலாம். லைவ், சுவிச், சோக், ஒரு தொங்கலில ஒரு முள். அதே தொங்கலின்ர மற்ற முள்ளில இருந்து ஸ்ராட்டர், அதில இருந்து மறு தொங்கலில ஒரு முள். மிஞ்சின முள் நியூற்றலுக்கு. சோக் லைவ் பக்கம்தான் வரவேணும். நியூற்றலில போட்டாலும் எரியும், ஆனா ரியூப் பக்கம் எங்கையாவது உடம்பில முட்டினா சோக்கைத் தாண்டி இழைக்குள்ளால நேர கறண்ட் பாயும். வெட்டின ஏர்த்தை உடம்பில இறுக்கிப் பூட்டுங்கோ, அது ட்ரிப் சுவிச் வேலை செய்யிறதுக்கும் வேணும்.

வலிகாமம்_வயர்மன்

ஸ்ராட்டர் வேண்டேக்க எழுத்தைப் பாருங்கோ. எஸ்-10 எண்டு இருக்கிறது 4 இலிருந்து 65 அல்லது 80 வாற் வரைக்கும், தனி ரியூப்புக்கு. எஸ்-2 எண்டது 110 வோல்ற் சாதி. ஒரு 36 வாற் சோக்கில ரெண்டு 2 அடி 18 வாற் ரியூப்பைத் தொடரில போடுற பிற்றிங்குக்கு, ஒவ்வொண்டுக்கும் ஒண்டா ரெண்டு. அதில எஸ்-10 போட்டா ரெண்டும் பத்தாது. தனி 4 அடிக்கு எஸ்-2 போட்டா எரியிற ரியூப்பின்ர 103 வோல்ற்றிலயே ஸ்ராட்டர் விழிச்சு விழிச்சு நூர்க்கும். ரெண்டும் ஒரே டப்பா, ஒரே முள்ளு. ரெண்டு அடி நாலு அடி எல்லாத்துக்கும் ஒண்டுதான் எண்டு கடையில சொன்னாலும் எழுத்தை வாசிச்சு வேண்டுங்கோ.

கையில கிடக்கிற பழைய ஸ்ராட்டர் நல்லதோ எண்டு பாக்க ஒரு 40 வாற் குண்டு பல்ப் காணும். பல்ப்பையும் ஸ்ராட்டரையும் தொடரில 230 இக்குக் குடுங்கோ. நல்லது எண்டா பல்ப் பத்தி நூர்ந்து பத்தி நூர்ந்து நிக்கும். நூராம எரிஞ்சா ஒட்டினது, பத்தவே இல்லாட்டி செத்தது. எல்.ஈ.டி பல்ப் இதுக்குச் சரிவராது. ஒட்டினதைத் திறந்தா சில வேளை கண்ணாடிக் குமிழ் நல்லாயிருக்கும், பக்கத்தில இருக்கிற சின்னக் கொண்டென்சர் சோட் ஆகியிருக்கும். அது றேடியோ இரைச்சலைக் குறைக்க வைச்சது. வெட்டிவிட்டா லைற் பத்தும், ஆனா றேடியோ கரகரக்கும்.

தெல்லிப்பழை_வீடு

குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். எங்கட விறாந்தை ரியூப் சுவிச்சை நூர்த்த பிறகும் இரவில மெல்லிசா மினுங்குது. மாமி பேய் எண்டுறா.

மின்னணு_கொக்குவில்

பேய் சுவிச்சுக்குள்ள இருக்கு அக்கா. சுவிச் லைவை வெட்டாம நியூற்றலை வெட்டுற மாதிரி வயரிங். லைவ் எப்பவும் பிற்றிங்கில நிக்குது, சுவருக்கும் உடம்புக்கும் கசியிற நுள்ளுக் கறண்டில வாயு மினுங்குது. ரெஸ்ரரால சுவிச் நூர்த்தபடி பிற்றிங் கனெக்டரைப் பாருங்கோ, பத்தினா அதுதான். கட்டாயம் திருத்தவேணும். லைற் நூர்த்திருக்கு எண்டு நம்பி ரியூப் கழட்டிறவருக்குச் சொக் அடிக்கும். சி.எஃப்.எல் அல்லது எல்.ஈ.டி பல்ப் சில செக்கனுக்கு ஒருக்கா மின்னினாலும் இதே காரணம், இல்லாட்டி சுவிச்சுக்குள்ள சிவப்பு நியோன் லைற் இருக்கும்.

கோண்டாவில்_மண்டபம்

நெளியிற புது ரியூப்புக்கு என்ன செய்ய? கடையில குடுத்து மாத்தலாமோ?

வலிகாமம்_வயர்மன்

பொறுங்கோ. புது ரியூப்புக்கு உது வாறதுதான். ரெண்டு மூண்டு தரம் நூர்த்துப் போடுங்கோ. நிக்காட்டி சில மணித்தியாலம் தொடர்ந்து எரிய விட்டா பெரும்பாலும் அடங்கும். அடங்காட்டி வேற பிற்றிங்கில போட்டுப் பாருங்கோ. அங்க நெளியாட்டி இந்தப் பிற்றிங்கின்ர சோக் பிழையான ஓட்டம் குடுக்குது. நல்லா எரியிற பிற்றிங்கின்ர சோக்கை மாத்திப் போட்டு ஒப்பிடுறதுதான் லேசான வழி. சுத்துக்குள்ள சோட் ஆன சோக்கை மீற்றரில ஓம் அளவு பாத்துக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஓட்டத்தை அளந்தாத்தான் தெரியும். 0.43 நிக்கவேண்டிய இடத்தில 0.6 காட்டினா அந்தச் சோக் ரியூப் தின்னி.

பிற்றிங்கில கிடக்கிற 4 மைக்ரோபரட் கொண்டென்சரைத் துடிப்புக்குக் குற்றம் சொல்லி வெட்டுறவை இருக்கினம். லைவுக்கும் நியூற்றலுக்கும் குறுக்க நிக்கிற அதுக்கும் துடிப்புக்கும் சம்பந்தமில்லை. சோக்கால 0.5 இக்கு விழுற பவர் ஃபக்ரரை (இழுக்கிற கறண்டில எவ்வளவு பங்கு உண்மையா வேலை செய்யுது எண்ட அளவு) தூக்க வைச்சது. மலிவு இன்வேர்ட்டர் ஒண்டில ஓட்டப்போறீங்கள் எண்டா மட்டும் கழட்டுங்கோ, சதுர அலையில அது கொதிக்கும்.

பௌதிகம்_உயர்தரம்

எல்.ஈ.டி கேள்விக்கு: வயர்மன் சொன்னது தவறில்லை, அவசரம்தான். 2023 இல் ஜெனீவாவில் நடந்த, பாதரசப் பாவனையைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை மாநாட்டில், பழைய ஹலோபொஸ்பேற் பூச்சுக் குழாய்களை 2026 உடனும் மூவண்ணப் பூச்சுக் குழாய்களை 2027 உடனும் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதியில் இருந்து நிறுத்துவதென முடிவாகியது. ஆகவே பிற்றிங் முழுவதையும் புதிதாக வாங்குவதானால் எல்.ஈ.டிதான். நல்ல நிலையில் உள்ள குழாய்களை இன்றே எறியவேண்டியதில்லை. எறியும்போதும் உடைக்காதீர்கள், ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஃபானை நூர்த்து, யன்னலைத் திறந்து, பிள்ளைகளைக் கால் மணித்தியாலம் வெளியே அனுப்புங்கள். விளக்குமாறால் கூட்டாமல் மட்டையால் வழித்து, மிச்சத் தூளை ஈரக் கடதாசியால் ஒற்றியெடுத்து, மூடிய போத்தலில் போடுங்கள்.

மின்னணு_கொக்குவில்

எல்.ஈ.டி ரியூப்பும் துடிக்கும் எண்டதை மறக்காதேங்கோ. உள்ளுக்க டிரைவர் (கறண்டை எல்.ஈ.டிக்கு ஏத்த மாதிரி மாத்திற சேர்க்கிற்) மலிவெண்டா அதே 100 தான். வேண்ட முதல் கடையில எரியவிட்டு, பேனையைக் கண்ணுக்கு முன்னால கெதியா ஆட்டிப் பாருங்கோ. பேனை துண்டு துண்டாத் தெரிஞ்சா வேண்டாம், ஒரே புகாராத் தெரிஞ்சா நல்லது.

கோண்டாவில்_மண்டபம்

எல்லாருக்கும் நன்றி. அளந்தாச்சு. இரவு ஏழு மணிக்கு மெயினில 221, கடைசிப் பிற்றிங்கில 198. நடுவில இருக்கிற யங்ஷன் பெட்டி கையை வைக்க ஏலாத சூடு. தொங்கல் எரிஞ்சது ஸ்ராட்டர்தான், கழட்டின உடன பத்திட்டுது.

வடமராட்சி_பிற்றிங்

அந்தப் பெட்டிக்கு இண்டைக்கே மெயினை நூர்த்துப்போட்டு, கருகின வயரை நல்ல செம்பு தெரியிற வரைக்கும் வெட்டி, கனெக்டர் போட்டு இறுக்குங்கோ. நியூற்றல் மூட்டையும் சேர்த்துப் பாருங்கோ, பாதி நேரம் பிழை அதிலதான். அதுக்குப் பிறகும் மின்னுற ரியூப்பைத்தான் மாத்த வேணும். நாலஞ்சில ஒண்டோ ரெண்டோ மிஞ்சும்.

பேந்து ஆறுதலா எல்.ஈ.டிக்கு மாறேக்க ரெண்டு விசயம். எலெக்ட்ரோனிக் சோக் பிற்றிங் எண்டா சோக்கை முழுக்கக் கழட்டி நேர லைவ் நியூற்றல் குடுங்கோ. ஒரு தொங்கலில மட்டும் கறண்ட் குடுக்கிற ரியூப்போ, ரெண்டு தொங்கலிலயும் குடுக்கிறதோ எண்டு ஒட்டியிருக்கிற படத்தைப் பாத்துத்தான் வயர் பண்ணவேணும். இரும்புச் சோக் பிற்றிங் எண்டா, சோக்கோட ஓடும் எண்டு ரியூப்பில எழுதியிருந்தா மட்டும் சோக்கை விட்டு, ரியூப்போட வாற எல்.ஈ.டி ஸ்ராட்டரைப் பழைய ஸ்ராட்டரின்ர இடத்தில போடலாம். அது ஸ்ராட்டரே இல்லை, உள்ளுக்க ஒரு பியூஸ் வயர்தான். ஆரும் பிறகு அந்தப் பிற்றிங்கில பழைய ரியூப்பைத் திருப்பிப் போட்டா ஒட்டின ஸ்ராட்டர் மாதிரித்தான், ரெண்டு தொங்கலும் எரிஞ்சு ரியூப் போயிடும். மாத்தின பிற்றிங் எல்லாத்திலயும் பெயின்ற் மார்க்கரால பெரிசா "எல்.ஈ.டி மட்டும்" எண்டு எழுதி விடுங்கோ, கழட்டின எஸ்-10 ஸ்ராட்டரை வேற டப்பாவில போட்டு வையுங்கோ. ரெண்டையும் ஒண்டாக் கலந்துபோட்டா பேந்து பிரிக்கிறது பெரிய வேலை.